விரல் நுனியில் இருக்கட்டும் பதில்

தம்பி, தங்கையே! நேர்காணல் அறை வாசலில் நிற்கும்போது உனக்கு ஏன் இப்படிக் கை வேர்க்கிறது? உள்ளே இருப்பது புலியா, சிங்கமா? கேள்வி கேட்கப் போகிறார்கள், அவ்வளவுதானே? கேட்கட்டும்! துருவித் துருவிக் கேட்கட்டும். உன்னை மட்டம் தட்டுவதற்கென்றே கேட்கிறார்களா? அப்படியானால் இன்னும் நிமிர்ந்து உள்ளே போ. உனக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பவர் முன்னால் பதில் சொல்கிற வாய்ப்பு வாழ்க்கையில் அடிக்கடி வராது.

கீரத் வெர்மே என்ற இளைஞருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. 1960களின் கடைசி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம். பிரின்ஸ்டனில் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில், உயிரியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கேட்டு வந்திருந்தார். கடல் நத்தைகளையும் அவற்றின் ஓடுகளையும் ஆராய வேண்டும் என்பது அவர் ஆசை. படிப்பில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், அவருக்கு இரண்டு கண்களும் இல்லை. கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் பிறவியிலேயே இருந்தது. மூன்று வயதில் இரண்டு கண்களையும் எடுத்துவிட்டார்கள்.

மாணவர் சேர்க்கையைக் கவனித்துவந்த பேராசிரியர் எட்கர் போயலுக்குத் தயக்கம். ஆய்வுக்கூடத்தில் இவர் எப்படி வேலை செய்வார்? மலைபோல் குவிந்திருக்கும் ஆய்வுக் கட்டுரைகளை எப்படிப் படிப்பார்? நத்தை ஓட்டைப் பார்க்காமல் அது என்ன இனம் என்று எப்படிச் சொல்வார்? நியாயமான சந்தேகங்கள்தாம். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லாமல், பல்கலைக்கழக அருங்காட்சியகத்துக்கு அழைத்துக்கொண்டு போனார். அங்கே இழுப்பறையிலிருந்து ஓர் ஓட்டை எடுத்து இளைஞரின் கையில் வைத்து, இது என்ன தெரியுமா என்று கேட்டார். சொல்ல முடியாமல் இவர் விழிப்பார், அதையே காரணம் காட்டி அனுப்பிவிடலாம் என்ற கணக்கு அந்தக் கேள்விக்குள் இருந்தது.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் விரல்கள் என்ன செய்தன என்பதைத் தன் எழுத்தில் அவரே விவரித்திருக்கிறார்.

முதலில் விரல்கள் மேற்பரப்பில் ஓடின. ஓட்டின் வாய் விளிம்பான வெளி உதட்டுக்கு இணையாக, மேலிருந்து கீழாக வரம்பு வரம்பாக மேடுகள். அவை நெருக்கமாக இல்லை, ஒன்றுக்கொன்று நல்ல இடைவெளி. ஒவ்வொரு மேடும் நேராக நிற்காமல் பின்பக்கமாக மடிந்து சாய்ந்திருக்கிறது. மேட்டுக்கு மேடு நடுவே வழவழப்பு. அடுத்து வாய். பெரிய, அகன்ற வாய். பிறகு உச்சி. கோபுரம்போல் எழும்பாத தணிந்த சுருள். இந்த அடையாளங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடுகிற நத்தை எது? இது ஹார்ப்பா, பெரும்பாலும் ஹார்ப்பா மேஜராக இருக்க வேண்டும் என்றார் வெர்மே. யாழ் நரம்புகளை வரிசையாகக் கட்டியதுபோல் மேடுகள் ஓடும் அழகான ஓடு அது. இந்தியப் பெருங்கடல், பசிபிக் பெருங்கடல் இரண்டின் வெப்பமண்டலப் பகுதிகளிலும் மணலில் புதைந்து வாழும் நத்தை.

சரியான விடை!

போயல் விடவில்லை. இன்னோர் ஓடு கைமாறியது. இந்த முறை மேடு இல்லை, பள்ளம் இல்லை, முள் இல்லை. முழுக்க வழவழப்பு. நீண்டு ஒடுங்கிய உடல், கீறியதுபோன்ற குறுகிய வாய், சுருளும் சுருளும் சேரும் கோட்டில் மெல்லிய வாய்க்கால். இது ஆலிவ் குடும்பம், ஃபுளோரிடாவில் சாதாரணமாகக் கிடைக்கிற ஒலிவா சயானா என்றே நினைக்கிறேன், ஆனால் இந்தக் குடும்பத்தில் எல்லாமே ஒரே மாதிரி இருக்கும் என்று பதில் வந்தது.

பேராசிரியர் வாயடைத்துப் போனார். அதுவரை சந்தேகமாகப் பேசிவந்த போயல், என் முழு ஆதரவும் உனக்கு உண்டு என்று அந்த இடத்திலேயே வாக்குக் கொடுத்தார். வெர்மேக்கு யேலில் இடம் கிடைத்தது. 1971இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

இப்போது சொல். அந்த அறையில் வென்றது எது?

"என்னால் முடியும், என்னால் முடியும்" என்று தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நூறு முறை சொல்லச் சொல்லும் ஆசாமிகள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதற்குக் கட்டணம் வாங்கி வகுப்பு எடுக்கிறவர்களும் உண்டு. வெர்மே அந்த ஓட்டைக் கையில் வாங்கிக்கொண்டு "என்னால் முடியும்" என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தோளில் தட்டிக்கொடுத்து, ஒரு காபி வாங்கிக்கொடுத்து, ஊருக்கு ரயில் ஏற்றி விட்டிருப்பார்கள். வேலை தெரியாத தன்னம்பிக்கைக்கு எந்த ஊரிலும் மரியாதை கிடையாது. எனக்குத் தெரிந்து அதற்குத் தகுதியும் கிடையாது.

அவருடைய இரண்டாவது பதிலை இன்னொரு முறை படி. முதல் ஓட்டுக்கு இனத்தின் பெயர் வரைக்கும் போனார். இரண்டாவதில், இன்னதென்று நினைக்கிறேன், ஆனால் இவை ஒன்றுபோலவே இருக்கும் என்று நிறுத்திக்கொண்டார். இடம் கிடைக்குமா கிடைக்காதா என்று வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், எதிரில் இருப்பவர் தவறுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை அளந்து சொல்கிற துணிச்சல் எத்தனை பேருக்கு வரும்? நம் பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒன்று, தெரிந்ததையும் முழுங்கி முழுங்கிச் சொல்கிறார்கள். இல்லையென்றால், தெரியாததை அடித்து விடுகிறார்கள். கேட்பவருக்கு இரண்டும் அரை நிமிடத்தில் விளங்கிவிடும். ஆலிவ் ஓடுகளைப் பற்றி அவர் சொன்ன அந்த எச்சரிக்கை வார்த்தைதான், இவர் குருட்டாம்போக்கில் பெயர் சொல்லவில்லை, விஷயம் தெரிந்து சொல்கிறார் என்பதற்குச் சாட்சி. அந்தக் குடும்பத்தை அலசியவருக்குத்தான் அதில் குழப்பம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

"அவர் மேதை சார், நான் சாதாரண ஆள்" என்று முணுமுணுக்கிறாய். எனக்குக் கேட்கிறது. மேதையின் தொடக்கம் எப்படி இருந்தது என்று பார்ப்போமா?

1946இல் நெதர்லாந்தின் சாப்பமேர் என்ற ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பார்வையற்றோருக்கான விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பிறகு குடும்பம் அமெரிக்காவின் நியூ ஜெர்சிக்குக் குடியேறியது. புது நாடு, புது மொழி, பார்வையுள்ள பிள்ளைகளோடு சாதாரணப் பள்ளி. நான்காம் வகுப்பு ஆசிரியை கோல்பெர்க் அம்மையார் ஃபுளோரிடாவுக்குப் போய்வந்தபோது பொறுக்கிக்கொண்டு வந்த ஓடுகளை வகுப்பறை ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தார். அவ்வளவுதான். அந்த அம்மையார் சொற்பொழிவு ஆற்றவில்லை. எதிர்காலத்தில் நீ விஞ்ஞானி ஆவாய் என்று ஆசீர்வதிக்கவும் இல்லை. கைக்கு எட்டும் இடத்தில் ஓடுகளை வைத்தார், தொட விட்டார்.

தொட்ட சிறுவனுக்குள் கேள்வி முளைத்தது. நெதர்லாந்துக் கடற்கரையில் தடவியறிந்த ஓடுகள் சொரசொரப்பானவை, சுண்ணாம்பு போன்றவை. இவையோ வழவழப்பு, நேர்த்தி, மடிப்புக்கு மடிப்பு ஒழுங்கு. ஏன்? வெதுவெதுப்பான கடலின் ஓடு ஏன் இப்படி, குளிர்க் கடலின் ஓடு ஏன் அப்படி? பத்து வயதுப் பையனுக்கு வந்த இந்தக் கேள்வியை அவர் விடவே இல்லை. வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் மூவரும் பிரெயில் கற்றுக்கொண்டார்கள். புத்தகங்களை வாசித்துக் காட்டினார்கள். கேட்டுக் கேட்டுப் பிரெயிலில் குறிப்பெடுத்தார். ஓடுகள் சேர்ந்தன, குறிப்புகள் சேர்ந்தன. போயல் அந்த ஓட்டைக் கையில் வைத்தபோது, அந்தக் கேள்விக்கான பதில் பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தயாராகிக்கொண்டிருந்தது.

இதில் எது உனக்கு முடியாதது? சொல்லேன்!

கண் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன், கொஞ்சம் சுருக்கென்று தைக்கும். ஒலிவா சயானாவைக் கண்ணுள்ளவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள்? அதன் மேல் கிறுக்கிய எழுத்துகள்போலப் பழுப்புக் கோடுகள் இருக்கும், அதைப் பார்த்து. ஆனால் ஆலிவ் குடும்பத்தில் நிறமும் கோலமும் ஒரே இனத்துக்குள்ளேயே ஆளுக்கு ஆள் மாறும். வெயிலிலும் மணலிலும் கிடந்தால் நிறம் வெளுத்துவிடும். புதைபடிவமாகிவிட்டால் பெரும்பாலும் நிறமே மிஞ்சாது. கண் முதலில் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது எதிலோ அதுதான் முதலில் அழிகிறது. வாயின் வடிவம், உதட்டின் கனம், உள்ளே சுருள்கள் சுற்றிச்செல்லும் நடுத்தண்டின் மடிப்பு, சுருள் சேரும் கோட்டின் ஆழம் இவைதாம் நிலைக்கின்றன. வெர்மேயின் விரல்கள் தொடக்கத்திலிருந்தே நிலைப்பதை மட்டுமே படித்தன. நாமோ இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு, ஒரு வேலையின் பளபளப்பை மட்டும் பார்த்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைக்கிறோம். பத்து நிமிடக் காணொளி பார்த்தவனுக்கும் பத்து வருடம் பழகியவனுக்கும் வித்தியாசம் தெரியாத காலம் இது என்கிறார்கள். கையில் பொருளைக் கொடுத்துப் பார், உடனே தெரியும்.

நம்மூர்ச் சங்கையே எடுத்துக்கொள். மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்து எடுப்பது காலங்காலமாக நடக்கிற தொழில். அதில் வலம்புரிச் சங்கு கிடைப்பது மிக மிக அரிது. அரிது என்பதால் விலை, விலை என்பதால் மோசடி. அமெரிக்கக் கடற்கரையில் வாழும் வேறொரு பெரிய நத்தை இருக்கிறது. வலம்புரியின் பக்கம் சுருள்வதே அதற்கு இயல்பு. அந்த இனத்தில் எதை எடுத்தாலும் அநேகமாக அப்படித்தான் இருக்கும். அதன் ஓட்டை மெருகேற்றி, குங்குமம் வைத்து, வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள். வாங்குகிறவர் எதைப் பார்க்கிறார்? வெள்ளை நிறத்தை, சுருளின் திசையை, விற்பவரின் நெற்றியில் உள்ள பட்டையை. விஷயம் தெரிந்தவர் என்ன செய்வார்? சங்கின் வாய்க்குள் விரலை விட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்ப்பார். நம் சங்கில் அங்கே மூன்று நான்கு மடிப்புகள் வரம்பு கட்டி நிற்கும். அந்த அமெரிக்க நத்தையின் தண்டு வழவழவென்று இருக்கும். தடவும் விரலை எந்தப் பேச்சாலும் ஏமாற்ற முடியாது.

விரலுக்கு அறிவு இல்லாமல் துணிச்சல் மட்டும் இருந்தால்? அதற்கும் கடலிலேயே பதில் இருக்கிறது. கூம்பு நத்தை என்று ஒரு குடும்பம். ஓடு அழகோ அழகு. அதில் கோனஸ் ஜியோகிராஃபஸ் என்ற இனம் ஈட்டிபோன்ற பல்லால் நஞ்சைச் செலுத்தும். மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதற்கு முறிமருந்து இன்றுவரை கிடையாது. "பயமே எனக்குக் கிடையாது" என்று கத்திக்கொண்டு வெப்பக் கடலில் கண்டதையெல்லாம் கையில் எடுக்கிறவன் வீரன் இல்லை. எது கூம்பு, எது ஆலிவ் என்று தெரிந்து, தொட வேண்டியதைத் தொட்டு, விட வேண்டியதை விடுகிறவனைத்தான் நான் துணிச்சல்காரன் என்பேன்.

வெர்மே சும்மா நாற்காலியில் உட்கார்ந்து ஓடு தடவியவர் என்று நினைத்துவிடாதே. குவாம், பனாமா என்று வெப்பமண்டலக் கடற்கரைகளில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பாறை இடுக்குகளில் கைவிட்டு உயிருள்ள நத்தைகளைத் தேடியவர். திருக்கை கொட்டியிருக்கிறது, நண்டு கடித்திருக்கிறது, சிப்பியும் பவளமும் கையைக் கிழித்திருக்கின்றன. ஓர் ஆப்பிரிக்க நாட்டில், ஆட்சியைக் கவிழ்க்க வந்தவர் என்று சந்தேகப்பட்டுப் போலீஸ் பிடித்து வைத்ததும் உண்டு. கண் தெரியாதவருக்கு இது ஆபத்து இல்லையா என்று கேட்டவர்களுக்கு, களத்தில் இறங்குகிற எல்லோருக்கும் இது ஆபத்துதான் என்பதே அவர் நிலைப்பாடு.

1970இல் குவாம் தீவில், நண்டு நொறுக்கிப் போட்ட சோழி ஒன்று அவர் கைக்கு வந்தது. கனத்த, உறுதியான சோழி. அதையே நொறுக்குகிற நண்டு இருக்கிறதென்றால், ஓட்டின் வடிவமே எதிரியைச் சமாளிக்க உருவானதாக இருக்க வேண்டாமா? பத்து வயதுக் கேள்விக்கு இங்கேதான் வழி திறந்தது. ஓடுகளை வேறு நோக்கோடு தடவத் தொடங்கினார். குறுகிய வாய் எதற்கு? நண்டு கொடுக்கை உள்ளே நுழைக்க முடியாதபடிக்கு. தடித்த உதடு எதற்கு? உரித்துக்கொண்டு போக முடியாதபடிக்கு. பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் வெப்பமண்டல ஓடுகள் அட்லாண்டிக் ஓடுகளைவிடக் கடுமையான கவசம் பூண்டிருப்பதை எடுத்துக்காட்டினார்.

அவர் விரல்கள் படித்த இன்னொரு விஷயம் தழும்பு. நத்தை தன் ஓட்டை உதட்டு ஓரத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வளர்க்கிறது. நண்டு வந்து உதட்டை உடைத்துவிட்டு, உள்ளே இருக்கும் சதையை எட்ட முடியாமல் போய்விட்டால், நத்தை உடைந்த இடத்திலிருந்து மறுபடி கட்டத் தொடங்கும். ஒட்டுப்போட்ட அந்தக் கோடு ஓட்டில் அப்படியே நின்றுவிடும். விரல் வைத்தால் நெருடும். அழகான ஓடு தேடுகிறவர்கள் தழும்புள்ள ஓட்டைத் தூக்கிப் போடுவார்கள். வெர்மே தழும்புகளைத்தான் எண்ணினார். புதைபடிவ ஓடுகளிலும் எண்ணினார். ஏனென்றால், நண்டு வென்ற இடத்தில் தூள்தான் மிஞ்சும். தழும்பு இருக்கிறதென்றால் தாக்கியவன் தோற்றான் என்று அர்த்தம். தாக்குதலும் தற்காப்பும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டு வந்திருக்கின்றன என்ற அவருடைய கருத்து 1987இல் பெரிய நூலாக வந்தது. 1992இல் மெக்கார்தர் விருது பெற்றார். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பேராசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

உனக்கும் தழும்புகள் இருக்கும். இரண்டு முறை தவறவிட்ட தேர்வு, கைவிட்டுப்போன வேலை, சொந்தக்காரர்கள் கூடிய கல்யாண வீட்டில் யாரோ கேட்ட கேள்வி. அதையெல்லாம் மறைத்து மறைத்து வைக்கிறாயே, எதற்கு? உன்னை உடைக்க வந்தது எதுவோ, அது உன்னை முடிக்காமல் திரும்பிப் போயிருக்கிறது! மறுபடி கட்டியிருக்கிறாய். அதைக் கணக்கில் எடு. ஆனால் தழும்பைக் காட்டியே காலம் தள்ளிவிடலாம் என்றும் எண்ணாதே. நத்தை தழும்போடு நிற்கவில்லை, அதற்கு அடுத்த சுருளைக் கட்டப் போய்விட்டது.

ஆகவே இன்றைக்கு ராத்திரியே ஒரு வேலை செய். உன் தொழில் எதுவோ, படிப்பு எதுவோ, அதன் அடிப்படைப் பொருள் ஒன்றைக் கையில் எடு. தையல்காரப் பெண்ணா? துணியைக் கண்ணை மூடித் தொட்டுப் பார்த்து, பருத்தியா, கலப்பா, எந்தப் பக்கம் நெய்த ஓரம் என்று சொல். மெக்கானிக்கா? பேரிங்கைச் சுழற்றி, தேய்மானம் எங்கே என்று விரலால் கண்டுபிடி. கணக்குப் பிள்ளையா? வரவு செலவுத் தாளை எடுத்துவைத்து, எந்த இடத்தில் உதைக்கிறது என்று தேடு. ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுது. எதனால் இப்படிச் சொல்கிறேன், எதுவரைக்கும் உறுதி, எங்கே சந்தேகம் என்று மூன்றையும் எழுது. காரணம் எழுத முடியாத விடையை அடித்துவிட்டு மறுபடி பொருளைத் தொடு. நாளைக்கு வேறு பொருள், மறுநாள் வேறு. சலிக்கும். சலிக்கட்டும். வெர்மேயின் வீட்டிலும் வாசித்துக் காட்டியவர்களுக்குத் தொண்டை வறண்டிருக்கும்.

உன்னை நம்பாத ஒருவர் என்றைக்காவது உன் கையில் ஒரு பொருளை வைத்து, இது என்ன என்று கேட்பார். அவர் யார், எப்போது வருவார் என்பது உன் கையில் இல்லை. அவர் வருவதற்குள் எவ்வளவு தொட்டுப் பழகியிருப்பாய் என்பது மட்டும்தான் உன் கையில் இருக்கிறது. ஊருக்குச் சொல்லாதே, ஸ்டேட்டஸ் போடாதே, நல்ல நாள் பார்க்காதே. எடு, தொடு, தொடங்கு!